அல்ட்ராலைட் முதுகுப்பை: புதுச்சேரி, கடலூர் நடைப்பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல நாள் தொடர்ந்து நடக்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் சாலையோரமாக நடப்பவராகவும் இருக்கலாம், கடலூரில் ரயிலேறி இமயமலைப் பக்கம் போகிறவராகவும் இருக்கலாம். பையைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான். ஆனால் நம் கடற்கரையின் வெக்கை, உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை ஆகியவற்றைக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் ஆலோசனைகள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடைவெளியை இங்கே நிரப்பப் பார்த்திருக்கிறோம்.

அல்ட்ராலைட் என்று எதைச் சொல்கிறார்கள்? பை எத்தனை கிராம் இருந்தால் அந்தப் பெயர்?

பையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அல்ல இது. உணவு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் மூன்றும் வழியில் தீர்ந்து, மறுபடி நிரம்பும். அவற்றைக் கழித்துவிட்டு, பை உட்பட மீதி எல்லாவற்றையும் எடைபோட்டால் வருவது அடிப்படை எடை. அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட் என்று சொல்வது வழக்கம். 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட்.

பைகளைப் பொறுத்தவரை, ஃபிரேம் (பையை விறைப்பாக நிறுத்தும் உள்சட்டம்) இல்லாதவை பெரும்பாலும் 300 முதல் 600 கிராம். மெல்லிய ஃபிரேம் உள்ளவை 700 முதல் 1,100 கிராம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 60 லிட்டர் டிரெக்கிங் பை 1.8 முதல் 2.5 கிலோ வரை வரும்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அப்பலாச்சியன் நெடும்பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். குறைவாக எடுத்துப் போவதுதான் இந்த முறையின் அடிப்படை. புதுத் துணிகளும் புது பிராண்டுகளும் அதற்குப் பிறகு வந்தவை.

முதலில் பையை வாங்கிவிட்டு, பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. பையைக் கடைசியாக வாங்குங்கள். பெரிய பை வீட்டில் இருந்தால் அது நிறையும் வரை சாமான் சேர்ந்துகொண்டே போகும். எடை குறைந்த பையை முதலில் வாங்கிவிட்டு 13 கிலோவை அதில் திணித்தால், அந்தப் பை தோளை அறுக்கும், தையலும் விடும்.

முதல் வேலை தராசு. சமையலறையின் டிஜிட்டல் தராசு 5 கிலோ வரை காட்டும், அது போதும். முழுப் பையை எடைபோடப் பெட்டி தூக்கிப் பார்க்கும் ஊக்குத் தராசு வேண்டும். இல்லையென்றால் பழைய பேப்பர் கடைக்காரரிடம் கேட்டால் போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு பொருளையும் கிராமில் எழுதுங்கள், உத்தேசமாக எழுதாதீர்கள். சார்ஜர், வயர், சோப்பு டப்பா போன்ற சில்லறைகள் மட்டுமே சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்லுங்கள்.

தை, மாசி மாதங்களில் நம் பக்கத்துச் சமவெளியில் நான்கைந்து நாள் நடைக்கு: கொசுவலையுடன் கூடிய ஒற்றை ஆள் கூடாரம் 900 கிராம், போர்த்திக்கொள்ள ஒரு வேட்டி 300, ஃபோம் பாய் 350, மாற்றுத் துணி 600, மழைக்கோட்டு 300, மருந்து 150, பவர் பேங்க் சார்ஜர் போன் 500, தலையில் மாட்டும் டார்ச் 80, பல் துலக்க, குளிக்க 200, ரப்பர் செருப்பு 250, அடையாள அட்டை, பணம், சில்லறைப் பை 150. மொத்தம் 3,780 கிராம். 600 கிராம் பையையும் சேர்த்தால் 4,380. அல்ட்ராலைட் கோட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது இதன் மேல் 3 லிட்டர் தண்ணீரை ஏற்றுங்கள்: 3 கிலோ. ஒரு நாளைக்கான அவல், கடலைமிட்டாய், பண்ருட்டி முந்திரி 600 கிராம். மொத்தம் ஏறக்குறைய 8 கிலோ. முதுகில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர். நம் ஊரில் பையைத் தீர்மானிப்பது கூடாரமோ படுக்கையோ அல்ல, தண்ணீர்தான்.

இதே ஆள் இமயமலையில் ஐந்து நாள் கடை கண்ணி இல்லாத வழியில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேட்டிக்குப் பதில் தூக்கப்பை வருவதால் 700 கிராம் கூடும். இறகு ஜாக்கெட் 400, கம்பளித் துணிகள் 600, அடுப்பும் பாத்திரமும் 350, கேஸ் சிலிண்டர் 380, உணவு 3,500, தண்ணீர் 1,500, ஃபிரேம் உள்ள பை 1,000. மொத்தம் 12 கிலோவைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே பை சரிப்படாது. அப்படி ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கனமான பயணத்துக்கு ஏற்றதை வாங்கி, சமவெளி நடையில் பாதி நிரப்பிப் பக்கவாட்டு நாடாக்களால் இறுக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை லிட்டர் பை வேண்டும்?

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். வெளிப்பாக்கெட்டில் போகும் தண்ணீர் பாட்டில்களைத் தவிர, மற்ற சாமான் எல்லாவற்றையும் உணவோடு ஓர் அட்டைப்பெட்டியில் அழுத்தி அடுக்குங்கள். நிறைந்த பகுதியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். 40 × 30 × 30 என்றால் 36 லிட்டர். சமவெளி நடைக்கு 35 முதல் 40 லிட்டர் போதும். உணவையும் குளிர்த் துணியையும் சுமக்கும் மலைப் பயணத்துக்கு 50 முதல் 55.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில கம்பெனிகள் வெளிப்பாக்கெட்டுகளின் கொள்ளளவையும் சேர்த்து லிட்டர் சொல்கின்றன, சில உள்பை மட்டும் எத்தனை என்று சொல்கின்றன. 40 லிட்டர் என்று எழுதிய இரண்டு பைகளில் ஒன்று மற்றதைவிட 8, 10 லிட்டர் சிறியதாக இருக்க இதுவே காரணம். வாங்குமுன் அந்த விவரத்தைப் படியுங்கள்.

ஃபிரேம் வேண்டுமா, வேண்டாமா?

இதுதான் பணத்தையும் முதுகையும் பாதிக்கிற முடிவு. காரணத்தைப் புரிந்துகொண்டால் முடிவு தானாக வரும்.

இடுப்பு பெல்ட் சுமையை வாங்க வேண்டுமென்றால், தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே பை மடங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். ஃபிரேம் செய்வது அதைத்தான். அது இல்லாத பையில் எடை கூடியதும் நடுப்பகுதி குறுகி உட்கார்ந்துவிடும். பையின் நீளம் மூன்று நான்கு செ.மீ. குறையும், பெல்ட் இடுப்பெலும்பை விட்டு நழுவும், முழுச் சுமையும் தோளுக்குப் போகும். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வயிறுதான் நோகும், தோளுக்கு விடுதலை கிடைக்காது.

எனவே தண்ணீரும் உணவும் சேர்த்து மொத்தச் சுமை 8 கிலோவுக்குள் நிற்குமென்றால் ஃபிரேம் இல்லாத பை சரி. 8-லிருந்து 9 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், 13, 14 கிலோ வரை, மெல்லிய அலுமினியக் கம்பியோ கார்பன் குழாயோ வைத்த பை தேவை. அதையும் தாண்டினால் பழைய கனமான பைதான் சுகம்.

சுமையின் உச்சவரம்புக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. நம் வெயிலில் அதையும் தொடாமல் இருப்பது நல்லது.

ஃபிரேம் இல்லாத பை என் முதுகில் பீப்பாய் மாதிரி உருண்டுவிடுகிறது. ஏன்?

அடுக்கியதில் கோளாறு. விறைப்பு தருவதற்கு உள்ளே எதுவும் இல்லாததால் சாமான்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மூடிய நுண்ணறை ஃபோம் பாயை, அதாவது தண்ணீர் உறிஞ்சாத, மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில் கிடைக்கிற வகையை, எட்டு மடிப்பாக மடித்து முதுகுப் பக்கம் வையுங்கள். மடிக்க முடியாத உருட்டுப் பாயாக இருந்தால் பைக்குள் குழாய் போல விரியவிட்டு, அதற்குள் சாமானை நிரப்புங்கள். இரண்டாவது முறையில் விறைப்பு அதிகம் கிடைக்கும், ஆனால் நாலைந்து லிட்டர் இடம் போகும், பையும் உருண்டையாகும். மடிப்பு முறையைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். மதியம் புளியமரத்தடியில் உட்காரவும் அந்தப் பாயை உடனே உருவிக்கொள்ளலாம்.

போர்வையைச் சின்ன உறையில் திணித்து உருண்டையாக்காதீர்கள். உருண்டைகளுக்கு இடையே காலி இடம் விழும், சுமை அதில் சரியும். துணியையும் போர்வையையும் தளர்வாக அடியில் அழுத்துங்கள், மூலை முடுக்கெல்லாம் நிறையும்.

என் முதுகு நீளத்தை எப்படி அளப்பது?

உயரத்தை வைத்து சைஸ் எடுப்பதுதான் நடக்கிற பெரிய தவறு. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும் நீளக் காலும் இருக்கலாம். டெய்லர் டேப் ஒன்றும், அளக்க இன்னொருவரும் வேண்டும்.

தலையைக் குனியுங்கள். கழுத்தடியில் துருத்தும் எலும்பில் டேப்பின் நுனி. பிறகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல்கள் உட்கார வேண்டும், கட்டை விரல்கள் முதுகுப் பக்கம். இரண்டு கட்டை விரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பை வெட்டும் இடம் வரை, வளைவை ஒட்டியே டேப்பை இறக்குங்கள். அந்த நீளம்தான் கணக்கு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 52 செ.மீ.க்குள் வரும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள், ஒரு செ.மீ. வித்தியாசம் சாதாரணம்.

ஸ்மால், மீடியம் என்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவர்கள் அட்டவணையில் உள்ள செ.மீ.யை மட்டும் பாருங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால், ஃபிரேம் உள்ள பையில் பெரியதையும், ஃபிரேம் இல்லாததில் சின்னதையும் எடுப்பது நல்லது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலிப் பையைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாப் பையும் காலியாக இருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். உங்கள் சாமானையே எடுத்துப் போங்கள், அல்லது 5 கிலோ அரிசிப் பை ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, மீதி இடத்துக்குத் துண்டுகள். எல்லா நாடாக்களையும் தளர்த்திவிட்டுப் போடுங்கள். முதலில் இடுப்பு பெல்ட், இடுப்பெலும்பின் மேடு பெல்ட்டின் நடுவில் வரும்படி. பிறகு தோள் வார், பிறகு நெஞ்சு வார். அரை மணி நேரமாவது நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

தோள் வார் தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிய வேண்டும். தோளின் உச்சியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பை உங்களுக்கு நீளம். வாரின் பஞ்சுப்பகுதி அக்குளுக்கு முன்பே முடிந்து, வெறும் நாடா உடம்பில் உரசினால் பை குட்டை.

தோள் வாரின் உச்சியிலிருந்து பின்னால் போய், பையின் மேல்பகுதியை உடம்பை நோக்கி இழுக்கும் லோடு லிஃப்டர் நாடா, ஃபிரேம் தோளுக்கு மேலே சில செ.மீ. எழும்பி நின்றால் மட்டுமே வேலை செய்யும். ஃபிரேம் இல்லாத பையில் அது இருந்தாலும் அலங்காரம்தான், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பெண்களுக்குத் தனிப் பை வேண்டுமா?

கட்டாயமில்லை. முதுகு அளவு பொருந்தினால் எந்தப் பையும் சரி. ஆனால் நேரான தோள் வார் மார்பின் மேல் அழுத்தும் அல்லது அக்குளை அறுக்கும். எஸ் எழுத்துப் போல வளைந்த வார் அந்தத் தொல்லையைத் தராது. தோள் குறுகலான ஆண்களுக்கும் அதே வார்தான் பொருந்தும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. சுடிதார் நாடாவின் முடிச்சு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் சரியாக மாட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் தோல் கன்றிவிடும். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போடுங்கள், அல்லது முடிச்சைப் பக்கவாட்டில் பெல்ட்டுக்குக் கீழே தள்ளிக்கொள்ளுங்கள். ஆண்கள் தோல் பெல்ட்டையும் வேட்டி மடிப்பையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

எந்தத் துணி நம் கடற்கரைக்கு ஏற்றது?

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடக் கூட நூல் தடிமன். 70 டெனியர் நைலான் இலகு, ஆனால் முந்திரிக் காட்டோரம் முள்வேலி உரசினால் கிழியும். 100 டெனியர் கட்டம்போட்ட ரிப்ஸ்டாப் நடுத்தரம். 210 டெனியர் நைலான் பல வருஷம் உழைக்கும், எடையும் அதிகமில்லை. அடிப்பாகமும் பக்கப் பாக்கெட்டுகளும் 210 டெனியர், மற்றது 100 டெனியர் என்று கலந்து தைத்த பைதான் எங்கள் முதல் தேர்வு.

நம் ஊருக்கே உரிய சிக்கல் உள்பூச்சு. சாதா நைலானின் உள்ளே பாலியூரிதேன் பூசியிருப்பார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் அடிக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். குளிர்ந்த, காய்ந்த ஊரில் நெடுநாள் தாங்கும் பூச்சு, புதுச்சேரியில் பரணில் மூடி வைத்தால் சில வருஷத்திலேயே கெட்டுவிடும். நடந்ததால் அல்ல, சும்மா வைத்திருந்ததால். சிலிக்கான் பூச்சு இப்படிக் கெடாது. பழைய பை வாங்கும்போது உள்ளே கைவிட்டுத் தடவி, மோந்து பாருங்கள்.

எக்ஸ்-பேக், டைனீமா காம்போசிட், அல்ட்ரா போன்றவை படலம் ஒட்டிய துணிகள். துணி தண்ணீரைக் குடிக்காது, மழையில் பை கனக்காது. அந்த நன்மை உண்மையானது. டைனீமாவின் இழை பாலிஎதிலீன் வகை, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பலம். ஆனால் விலை மிக அதிகம், மடிப்பிலும் உரசும் இடத்திலும் உள்படலம் உரிந்து வருவது இவ்வகைத் துணிகளின் தெரிந்த குறை. சூடும் ஆகாது, இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கும். 200 கிராம் மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கு விலை கொடுப்பதைவிட, அந்த 200 கிராமைச் செருப்பிலும் சார்ஜரிலும் குறைப்பது சுலபம்.

மழையில் நனையாத பை உண்டா?

கிடையாது. துணி தடுத்தாலும் தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் வரும். வெளியே போடும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்தில் வழியும் தண்ணீர் வார் வழியாக உள்ளே இறங்கும். கார்த்திகைக் காற்றில் கவர் பறந்தே போய்விடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் கரை கடந்த கடற்கரை இது. புயல் எச்சரிக்கை இருந்தால் எந்தப் பையோடும் கிளம்பக் கூடாது.

சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கு வழி, பைக்கு உள்ளே போடும் பாலித்தீன் உறை. உர மூட்டைக்குள் வருகிற மாதிரித் தடித்த, கசங்கினாலும் கிழியாத உறை 60 முதல் 80 கிராம் இருக்கும். உரம் இருந்த உறையையே எடுக்காதீர்கள், பாலித்தீன் கடையில் புதிதாக வாங்குங்கள். பையைவிட 40 செ.மீ. நீளமாக இருக்கட்டும். நிரப்பியதும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்ட் போடுங்கள். போன், பவர் பேங்க், மருந்துக்கு இன்னொரு சின்ன உறை. கூடாரம் நனைந்திருந்தால் அதை உறைக்கு வெளியே வைக்க வேண்டும், உள்ளே வைத்தால் மற்றதையும் அது நனைத்துவிடும்.

முதுகு வியர்வைக்கு வலை வைத்த பை நல்லதா?

வலையை இழுத்துக் கட்டி, முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போக இடம் விடும் வகை கனமான ஃபிரேம் கேட்கும். சுமையும் முதுகிலிருந்து சில செ.மீ. பின்னால் தள்ளிப்போகும், அது உங்களைப் பின்பக்கம் இழுக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நம் கடற்கரையில் வியர்வை எப்படியும் சீக்கிரம் ஆறாது, வலை இருந்தாலும் சட்டை நனையும். 8 கிலோ சுமைக்குத் தட்டையான முதுகே போதும். 12 கிலோ சுமந்து மலையேறுகிறவர் வலை வகையை எடுத்தால் தவறில்லை.

வியர்வையைவிடத் தொல்லை, அது காய்ந்த பிறகு வாரில் படியும் உப்பு. மணல் காகிதம் போலத் தோலைத் தேய்க்கும். தங்குமிடம் வந்ததும் முதல் வேலையாக ஈரத்துணியால் தோள் வார், இடுப்பு பெல்ட், முதுகுப் பரப்பு மூன்றையும் துடையுங்கள். ஒரு நிமிட வேலை, மறுநாள் தோலைக் காப்பாற்றும்.

தண்ணீரை எப்படிச் சுமப்பது? குழாய் வைத்த பை வாங்கலாமா?

வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். குடிப்பது சுலபமாக இல்லையென்றால் குடிக்க மாட்டீர்கள். அதனால் பையைக் கழற்றாமல் எட்டி எடுக்கவும், திருப்பி வைக்கவும் முடிகிற பக்கப் பாக்கெட் கட்டாயம். கடையிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு சோதியுங்கள். குனிந்தால் பாட்டில் விழுகிறதா என்றும் பாருங்கள். பை நிறைந்திருக்கும்போது பக்கப் பாக்கெட்டில் பாட்டில் நுழையாத மாடல்கள் நிறைய உண்டு.

கடையில் தண்ணீரோடு வாங்கும் ஒரு லிட்டர் பாட்டில் 25, 30 கிராம்தான். எஃகு பாட்டிலை வீட்டில் விடுங்கள். இரண்டு பாட்டில் பக்கத்தில், மூன்றாவது உள்ளே முதுகை ஒட்டி. குழாய்ப் பைகளில் எவ்வளவு மீதம் என்று தெரியாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும், நம் ஈரத்தில் காயவைப்பது பெரும்பாடு. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காமல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எங்கே அடுக்குவது?

அடியில் துணியும் போர்வையும். கனமானது நடு முதுகை ஒட்டி: மூன்றாவது பாட்டில், உணவு, பவர் பேங்க். வெளிப்பக்கம் போகப் போக இலகுவானவை. மேலே மழைக்கோட்டு, மருந்து. முன்பக்க வலைப் பாக்கெட்டில் ஈரமானவை மட்டும். அங்கே பாட்டிலைத் திணித்தால் பை பின்னால் சாயும். செருப்பு, டம்ளர் என்று வெளியே தொங்கவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் ஆடி, பஸ் படியில் மாட்டும்.

வாங்கிய பையை எங்கே நடந்து சோதிப்பது?

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள், லேபிளைக் கிழிக்காமல், வீட்டுக்குள்ளேயே முழுச் சுமையோடு இரண்டு மணி நேரம். அடுத்து வெளியே. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், தார்ச்சாலை, வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும். சோதனைக்கு அருமையான இடம், பௌர்ணமி அல்லாத நாளில் விடியற்காலை போங்கள். ஏற்றத்துக்குச் செஞ்சி ராஜகிரி. சுமார் 800 அடி உயரம், செங்குத்துப் படிகள். பை பின்னால் இழுக்கிறதா என்பது அங்கே பத்தே நிமிடத்தில் தெரியும்.

கடற்கரை மணலில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நேராக நடந்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். சுண்ணாம்பாறும் பெண்ணையாறும் குறுக்கே கடலில் கலக்கின்றன. கடலூருக்குத் தெற்கே போனால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு. முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. ஒவ்வோர் ஆற்றுக்கும் உள்ளே வந்து பாலம் ஏற வேண்டும்.

காட்டு வழி நடக்க வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். அரசு 2024-ல் 40 தடங்களோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இதற்கு ஒரு வழி. ஒரு நாளில் முடியும் தடத்துக்கு 20 லிட்டர் பை தாராளம், இதற்காக அல்ட்ராலைட் பை வாங்க வேண்டாம்.

என்னிடம் 2.2 கிலோ பை இருக்கிறது. வெட்டிக் குறைக்கலாமா?

கழற்றக் கூடிய மேல்மூடி, ரெயின் கவர், உள்தடுப்பு, தேவைக்கு மேல் நீளும் நாடா நுனிகள் ஆகியவற்றை எடுத்தால் 300, 400 கிராம் வரை குறையும். வெட்டிய நாடா நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிரியும். இறுக்கத் தேவையான நீளத்துக்கு மேல் 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஃபிரேமையும் பெல்ட் பஞ்சையும் தொடாதீர்கள். அந்தப் பை அவற்றை நம்பித் தைத்தது. முதல் பயணத்துக்கு இப்படிக் குறைத்த பையே போதும், அங்கே கற்றுக்கொண்டு பிறகு வாங்கலாம்.

இங்கேயே தைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். பள்ளிப் பை, டிராவல் பை தைப்பவரிடம் தடித்த நூல் ஓடும் மெஷின் இருக்கும். சாதா டெய்லர் மெஷின் துணியைத் தைக்கும், நாடா நாலு மடிப்பு வரும் இடத்தில் திணறும்.

அகலம் 30, ஆழம் 19, நிறையும் உயரம் 65 செ.மீ. என்றால் 37 லிட்டர். வாயைச் சுருட்டி மூட மேலே இன்னும் 25 செ.மீ. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் போதும், பாக்கெட்டும் அதிலேயே வரும். தோள் வாருக்கு 8 முதல் 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம், 6 செ.மீ. அகலம். 20 மி.மீ. நாடா 4 மீட்டர். ஓரத்துக்கு 12 மி.மீ. விட்டு, இரட்டைத் தையல்.

நூல் பாலியெஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் நம் ஈரத்தில் இற்றுப்போகும். ஊசி 16 அல்லது 18 எண். தையல் இடைவெளி 3 மி.மீ. பலம் வரட்டும் என்று நெருக்கித் தைத்தால், தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசையாக விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். எப்போதும் முதலில் விடுவது தோள் வார் முதுகுப் பரப்பில் சேரும் இடம். அங்கே வாரின் நுனியை 5 செ.மீ. உள்ளே விட்டு, குறுக்கே ஒரு நாடாவை வைத்து, மூன்று வரிசை தைக்கச் சொல்லுங்கள். முதல் முயற்சியை விலை குறைந்த துணியில் செய்து, 8 கிலோ ஏற்றி ஒரு நாள் கொக்கியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சிறு கம்பெனிப் பைகளை வரவழைக்கலாமா?

அளவில் சந்தேகமே இல்லையென்றால் மட்டும். சுங்கவரி, கூரியர் கட்டணம் இரண்டும் சேரும், அளவு தவறினால் திருப்பி அனுப்புவது பையின் விலைக்கே வந்துவிடும். அதே மாடல் வைத்திருப்பவரிடம் ஒருமுறை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பயணம் முடிந்து வந்த பிறகு பையை எப்படி வைப்பது?

வாளித் தண்ணீரில், கொஞ்சம் சோப்பு கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் கையால் கழுவுங்கள். வாஷிங் மெஷின் உள்பூச்சை உரிக்கும். கடற்கரையில் நடந்தவர்கள் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும், பக்கிளுக்குள் மணல் இருந்தால் அது உடையும் வரை அரைத்துக்கொண்டே இருக்கும். நிழலில், வாயைத் திறந்து, தலைகீழாக இரண்டு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் நைலான் வெளிறிப் பலம் இழக்கும். ஜிப் பற்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஓர் இழுப்பு இழுங்கள். இழுப்பான் உலோகமாக இருந்தால் உப்புக்காற்றில் பூத்துவிடும், மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள். பரணில், பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். காற்று போகும் அறையில் ஆணியில் தொங்கட்டும்.

வழியில் அறுந்தால் என்ன செய்வது?

20 மி.மீ. பக்கிள் ஒன்று, தடித்த ஊசி, மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய நைலான் நூல் ஐந்து மீட்டர், ஊக்கு நான்கு, ஒரு கை நீளம் துணி டேப். எல்லாம் சேர்த்து 40 கிராமுக்குள். தோள் வார் விட்டால் ஊக்கால் தற்காலிகமாகப் பிடித்து, அடுத்த ஊரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். அவரிடம் இருக்கும் நூலும் ஊசியும் இந்த வேலைக்கே ஏற்றவை. துணியில் நீளக் கிழிசல் விழுந்தால், உள்ளும் புறமும் டேப் ஒட்டி, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள்; கூர்மூலை இருந்தால் அங்கிருந்து உரியும். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் உடைந்து மாற்றும் இல்லையென்றால், நாடா இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு நடக்கலாம். ஆனால் அவிழ்க்கச் சுலபமான முடிச்சாக இருக்கட்டும், ஆற்றுப்பாலத்திலோ வழுக்கும் கரையிலோ விழுந்தால் பையை உடனே கழற்ற வேண்டியிருக்கும்.